அரம் படாமல் பொருந்திய குழல்

3 நவம்பர் 2024, ஞாயிறு

இன்றைய தவறு: துப்பாக்கிக் குழல்களை வெந்நீரில் கழுவுவதற்காக, அவற்றில் கட்டியிருந்த அட்டைச் சீட்டுகளைக் கழற்றினேன். கழற்றியிருக்கக் கூடாது. கழுவித் துடைத்து வெயிலில் காயவைத்த பிறகு 1, 2, 3 என்று பழையபடி கட்டிவிட்டேன். வைத்த வரிசையிலேயே எடுத்தேன் என்றுதான் நினைக்கிறேன். நடுவில் அக்கா டீ குடிக்கக் கூப்பிட்டாள், எழுந்து போய்விட்டு வந்தேன். அவ்வளவுதான்.

லேத் வேலை கற்றுத்தரும் டர்னர் மாலை வகுப்பில் ஜெகநாதன் சார் எல்லோரையும் வேலை நாட்குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறார். முதல் வரியில் அன்றைய தவறு, கடைசி வரியில் மறுநாள் வேலை. வாரம் ஒருமுறை வாங்கிக் கையெழுத்துப் போடுவார். கூடப் படிப்பவர்கள் சனிக்கிழமை உட்கார்ந்து ஆறு தவறுகளைக் கற்பனை செய்து எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சிரமம் வந்ததில்லை.

இது வகுப்பு வேலை இல்லை. அக்காவின் வேலை. அளவெடுக்கிற வேலைதானே என்று இதிலேயே எழுதுகிறேன்.

அக்கா விஜயலட்சுமி மின்துறை ஸ்டோரில் கிளார்க். அப்பாவும் அம்மாவும் பரமக்குடிக்கே திரும்பிப் போன பிறகு இந்தத் தீவில், டாலிகஞ்ச் வீட்டில் நாங்கள் இருவர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா பெரார்கஞ்ச் ரேஞ்சில் சுடுவாள். வாய் வழியாகக் கருமருந்தும், துணியில் பொதிந்த ஈய உருண்டையும் போட்டு, கம்பியால் கெட்டித்துச் சுடும் ரைஃபிள். கிளப்பில் அந்த வகை வைத்திருப்பவர்கள் நான்கு பேர். ஐம்பது மீட்டர், பத்துக் குண்டு, நூறு மதிப்பெண். போன வருடம் வரை அக்கா தொண்ணூறுக்குக் கீழே வந்ததில்லை. இந்த மழைக்காலத்தில் எழுபது, அறுபத்தெட்டு, அறுபத்துமூன்று.

ஜனவரி ஐந்தாம் தேதி தேர்வு. எண்பத்தைந்து எடுத்தால் தீவு அணியில் சேர்ந்து மெயின்லேண்டுக்குப் போட்டிக்குப் போகலாம். இந்த வகைத் துப்பாக்கிக்கு அணி எடுப்பது இதுதான் முதல் முறை. அக்காவுக்கு முப்பத்துமூன்று வயது. இதைத் தவிர வேறு எதையும் அவள் ஆசைப்பட்டுக் கேட்டு நான் பார்த்ததில்லை.

"பேரல் செத்துப்போச்சுடா பாலா. உப்புக்காத்து தின்னுடுச்சு. நீதான் மைக்ரோமீட்டர் மகாராஜாவாச்சே, நல்லதா ஒண்ணு பொறுக்கிக் குடு."

ஜெய்னுதீன் பாய் லைசென்ஸ் வைத்துத் துப்பாக்கிக் கடை நடத்துகிறார். அனுமதி வாங்கி, பழைய குழலைச் செய்த அதே பட்டறையிலிருந்து கப்பலில் இரண்டு புதுக் குழல்கள் தருவித்தார். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிவிட வேண்டும். பழையதையும் சேர்த்து மூன்றையும் சோதிக்கலாம் என்றது நான்தான். பழையது எவ்வளவு மோசம் என்று தெரிந்தால்தானே புதியது எவ்வளவு நல்லது என்று சொல்ல முடியும்?

பாரபட்சம் வரக்கூடாது என்பதால் பழையதன் கறுப்புப் பூச்சையும் மேல் துருவையும் வினிகரில் ஊறவைத்து எடுத்தேன். வாயருகே குறிபார்க்க வைத்திருக்கும் முன்குறியையும் கழற்றினேன். கப்பல் ஈரத்தில் புதியவை இரண்டிலும் லேசான துரு இருந்தது. அதையும் அப்படியே எடுத்தேன். இப்போது மூன்றும் ஒரே நீளம், ஒரே வெள்ளை. சீட்டு ஒன்று பழையது. இரண்டும் மூன்றும் புதியவை.

சாயங்காலம் கைச்சோதனை. கம்பி நுனியில் துணியை இறுக்கமாகச் சுற்றிக் குழலுக்குள் மெதுவாகத் தள்ளினால், உள்ளே எங்கே இறுகுகிறது, எங்கே தளர்கிறது என்று கைக்குத் தெரியும். நல்ல குழல் என்றால் அடியிலிருந்து வாய் வரை ஒரே கனமாகப் போகும். ஒன்றில் நடுவே தளர்ந்தது. இரண்டில் வாய்க்கு அருகே. மூன்று முழுக்க ஒரே சீராகப் போனது. கையை நம்பாமல் நான்கு முறை தள்ளிப் பார்த்தேன்.

அக்காவையும் தள்ளச் சொன்னேன். கம்பி அவள் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

"எல்லாமே ஒண்ணுதான்டா. எண்ணெய் வழுக்குது, நீயே பாரு."

நாளை வேலை: சோதனைக்கான ஸ்டாண்டுக்கு இரும்பு வெட்ட வேண்டும்.

10 நவம்பர், ஞாயிறு

இன்றைய தவறு: ஸ்டாண்டின் ரப்பர் வாஷர் ஒன்றை வீட்டிலேயே மறந்துவிட்டேன். செருப்பு அடிப்பாகத்தை வெட்டி வைத்தேன்.

பகலில் நான் வேலை செய்வது படகு எஞ்சின் பட்டறையில். அங்கே கழித்துப் போட்ட எஞ்சின் பெட் ஒன்றில் ஸ்டாண்டை வெல்டு செய்தேன். குழலை இதில் பிடித்து இறுக்கி, எட்டி நின்று கயிறு இழுத்தால் வெடிக்கும். மனிதக் கை படாது. குண்டுகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றனவோ அதுதான் குழலின் யோக்கியதை.

ரேஞ்ச் ஆபீசர் நந்தகுமார் சார் பக்கத்திலேயே நின்றார். குழலுக்கு ஐந்து குண்டு. ஒவ்வொன்றுக்கும் மருந்தை நானே நிறுத்துப் போட்டேன். ஒன்றாம் குழல்: ஐந்தும் சேர்ந்து ஒன்பது சென்டிமீட்டர் அகலம். இரண்டு: ஆறரை. மூன்று: மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவு. மூன்றாம் அட்டையில் ஐந்து துளைகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. ஒரு தீப்பெட்டியால் மூடிவிடலாம்.

அக்கா அந்த அட்டையை வெயிலுக்கு நேராகப் பிடித்து ஓட்டை வழியாக என்னைப் பார்த்தாள்.

"ஒன்பது சென்டிமீட்டர்! இந்தக் குப்பைய வச்சுக்கிட்டா நான் ஆறு மாசமா அழுதேன்? ஜெகநாதன் சார்ட்ட சொல்லு, உனக்கு இன்னிக்கே டிப்ளமா குடுக்கச் சொல்லி."

"இன்னொரு தடவை சுட்டுப் பாத்துடலாம்க்கா. காத்து கொஞ்சம் இருந்துச்சு."

"போதும், பஸ் பண்ணுடா! உன்னை மாதிரி ஆளு தாலி கட்டினா, முடிச்ச அவுத்து அவுத்து டெஸ்ட் பண்ணுவான்."

நந்தகுமார் சார் சிரித்ததில் அவர் தொப்பி விழுந்தது.

நாளை வேலை: மூன்றாம் குழலைப் பாய் கடையில் கொடுக்க வேண்டும்.

15 நவம்பர், வெள்ளி

இன்றைய தவறு: பாய் கடைக்குத் தொழுகை நேரத்தில் போய் முக்கால் மணி நேரம் வெளியே நின்றேன்.

துப்பாக்கியின் மரக்கட்டையில் குழலைப் பொருத்துவது பாயின் வேலை. என்னைத் தொடவிட மாட்டார். புதுக் குழல் எப்போதும் கட்டையின் பள்ளத்தில் அங்கங்கே இடிக்கும். புகைக்கரி தடவி, இடிக்கும் இடம் பார்த்து, குழலடிக்கு அரமும் மரத்துக்கு உளியும் போட்டு இரண்டு நாள் மெனக்கெட வேண்டும். நேற்றுதான் கொடுக்க முடிந்தது. இன்று மாலையே முடிந்துவிட்டது என்றார்.

"தம்பி, நம்பவே முடியல. வச்சேன், உக்காந்துருச்சு. ஒரு தடவ அரம் போடல. மாமியா வீட்டுக்கு மறுபடி வந்த மாப்புள்ள மாதிரி, நேரா அவரு எடத்துல போயி உக்காந்துட்டாரு."

"அப்படி ஆகுமா பாய்?"

"முப்பது வருசத்துல எனக்கு ஆனதில்ல. ஒரே பட்டற சரக்குல்ல, அல்லாஹ் புண்ணியத்துல அமஞ்சிருச்சுன்னு வச்சுக்க. நீ ஏன் மூஞ்ச தூக்குற? நல்லது நடந்தாலும் சந்தேகமா ஒனக்கு?"

எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை இங்கே எழுதுகிறேன். பாய் குழலைப் பழையபடி கறுப்பாக்கி, முன்குறியும் வைத்துக் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அக்கா அதைத் தூக்கித் தோளில் வைத்துப் பார்த்தாள்.

"புதுசு புதுசுதான்டா. கனமே வேற மாதிரி இருக்கு," என்றாள்.

நாளை வேலை: வகுப்பில் மரை வெட்டும் பயிற்சி.

17 நவம்பர், ஞாயிறு

இன்றைய தவறு: அக்கா சுடும்போது வாய்விட்டு எண்ணினேன். திட்டினாள்.

எழுபத்தாறு. மழைக்காலத்துக்குப் பிறகு இதுதான் அதிகம். திரும்பும்போது பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பாட்டு முணுமுணுத்தாள். அம்மாவுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள்: "பேரல் மாத்தியாச்சும்மா. உன் மகன் ஒரு வேலைய உருப்படியா செஞ்சிட்டான்." இப்போதெல்லாம் அவள் எழுதி அனுப்புவதில்லை. எல்லாமே வாய்ஸ்தான்.

நாளை வேலை: மருந்தளவை அரை கிரெய்ன் எடை கூட்டியும் குறைத்தும் பார்க்க அட்டவணை போட வேண்டும்.

8 டிசம்பர், ஞாயிறு

இன்றைய தவறு: எது என்று தெரியவில்லை. கீழே எழுதியிருப்பதில் ஒன்றாக இருக்க வேண்டும்.

எழுபத்தாறுக்குப் பிறகு அறுபத்தைந்து. அடுத்த வாரம் அறுபது. இன்று ஐம்பத்தொன்பது. இன்று ஒரு குண்டு அட்டையிலேயே படவில்லை.

ஸ்டாண்டில் தீப்பெட்டிக்குள் விழுந்த குண்டுகள் இப்போது ஏன் சிதறுகின்றன? முதலில் மருந்து. புது டப்பா பிரித்தேன், மாற்றமில்லை. பிறகு துணி. தடிமனைப் பத்து இடத்தில் அளந்தேன், சரியாக இருக்கிறது. ஈய உருண்டைகளை ஒவ்வொன்றாக நிறுத்தேன், இரண்டைத்தான் கழிக்க வேண்டியிருந்தது. முன்குறி ஆடவில்லை. இனி மிஞ்சியிருப்பது என் சோதனைதான். செருப்புத் துண்டு வைத்த ஸ்டாண்டை நம்பி ஒரு மோசமான குழலை நல்லது என்று அக்கா தலையில் கட்டிவிட்டேன் போலிருக்கிறது.

அக்காவிடம் அப்படியே சொன்னேன்.

"விடுடா. ஜனவரி வரைக்கும் நாள் இருக்கு. எனக்கும் கை கொஞ்சம் அசதியா இருக்கு. ஸ்டோர்ல ஃபைல் தூக்கித் தூக்கி."

சாப்பிடும்போது தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். சூடாக இருந்திருக்கும்.

நாளை வேலை: புதுக் குழல் எண்ணை லைசென்ஸில் ஏற்ற மனு எழுத வேண்டும். தள்ளிக்கொண்டே போகிறது.

12 டிசம்பர், வியாழன்

இன்றைய தவறு இன்றையதல்ல. நவம்பர் மூன்றாம் தேதியது.

லைசென்ஸில் துணையாளாக என் பெயரும் ஏறியிருக்கிறது. அதனால் துப்பாக்கியை நானே ஆபீசுக்கு எடுத்துப் போனேன். அங்கிருந்த கிளார்க் அம்மா பெங்காலி. குழலைப் புரட்டி, அடிப்பக்கத்தில் பொடியாகக் கொத்தியிருக்கும் எண்ணை டார்ச் அடித்துப் பார்த்தார். லைசென்ஸைப் பார்த்தார். மறுபடி குழலைப் பார்த்தார்.

"அரே பாய், நம்பர் தோ வஹி புரானா ஹை. பத்லா க்யா?"

பழைய எண்ணேதான் இருக்கிறது, எதை மாற்றினாய் என்கிறார். பில்லில் இருக்கும் புது எண்ணைக் காட்டினேன். அவர் டார்ச்சை என் கையில் கொடுத்து, நீயே பார் என்றார். 209. லைசென்ஸில் ஏழு வருடமாக இருக்கும் அதே 209.

பாய் கடைக்கு ஓடினேன். திருப்பி அனுப்பக் கட்டி வைத்திருந்த குழலையும், பழையது என்று ஒதுக்கி வைத்திருந்த குழலையும் பிரித்தோம். சீட்டு ஒன்று என்று நான் கட்டியிருந்த குழலில் புது எண் இருந்தது. பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொள்ளவில்லை.

"நான் சீட்டத்தான் பாத்தேன் தம்பி. நம்பரப் பாக்கல. தப்பு என் மேலயும் இருக்கு."

டீக்குப் போய் வந்த இடைவெளியில் ஒன்றும் மூன்றும் மாறியிருக்கின்றன. ஒன்பது சென்டிமீட்டர் சிதறியது புதுக் குழல். தீப்பெட்டிக்குள் ஐந்தும் விழுந்தது அக்காவின் பழைய குழல். ஆயிரக்கணக்கான உருண்டைகள் ஓடி ஓடி அதன் உட்புறம் மெருகேறியிருந்ததைத்தான் என் கை ஒரே சீர் என்று சொல்லியிருக்கிறது. அரம் படாமல் பொருந்தியதும் அதனால்தான். அது தன் பள்ளத்துக்கே திரும்பி வந்திருந்தது.

கடை வாசலில் நின்றபோதுதான் மீதி புரிந்தது. என் சோதனை சரி. ஸ்டாண்டு சரி. மருந்து, துணி, உருண்டை எல்லாம் சரி. குழலும் சரி. பட்டியலில் நான் எழுதாத ஒன்று மட்டும் பாக்கி.

கம்பி நழுவியது. வாய்ஸ் மெசேஜ். தம்ளர். போன மாதம் என்னைக் கூப்பிட்டுக் கைக்கடிகாரத்தை மாட்டிவிடச் சொன்னது. எல்லாம் எனக்கு முன்னால்தான் நடந்தன. சிலவற்றை என் கையாலேயே இதில் எழுதியிருக்கிறேன்.

வகுப்புக்குப் போகவில்லை.

நாளை வேலை: அக்காவிடம் சொல்ல வேண்டும்.

15 டிசம்பர், ஞாயிறு

இன்றைய தவறு: வெள்ளிக்கிழமை சொல்லவில்லை. சனிக்கிழமையும் சொல்லவில்லை.

இந்தப் பக்கத்தை ஜெகநாதன் சாரிடம் கையெழுத்துக்குக் கொடுக்க மாட்டேன்.

ரேஞ்சுக்குக் கிளம்பும் முன் அக்கா துப்பாக்கி உறையின் ஜிப்போடு மல்லாடிக்கொண்டிருந்தாள். நான் இரண்டு அட்டைகளை மேஜை மேல் வைத்தேன். ஒன்று தீப்பெட்டி அட்டை. மற்றது போன வாரம் அவள் சுட்ட ஐம்பத்தொன்பது.

"இது யாருடா சுட்டது? நந்தகுமார் சாரா?" முதல் அட்டையின் தேதியை அவள் பார்க்கவில்லை.

"யாரும் இல்லக்கா. ஸ்டாண்டு."

"அச்சா, அந்தப் புது பேரலா?"

"இல்ல. உன்னோட பழசு. இப்ப துப்பாக்கில இருக்கறதும் அதுதான். நான் சீட்ட மாத்திக் கட்டிட்டேன்."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். என்னைக் கிண்டல் செய்ய வாயைத் திறந்தாள். பிறகு இரண்டு அட்டைகளையும் பார்த்தாள். ஒரே குழல், ஒரே மருந்து, ஒரே தூரம். அக்கா என்னைவிடக் கணக்கில் கெட்டிக்காரி. ஜிப்பிலிருந்து கையை எடுத்து மேஜை மேல், அட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். வெளியே பக்கத்து வீட்டில் குக்கர் மூன்று விசில் அடித்து நின்றது.

"அப்ப பேரல் நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

"அக்கா..."

"உன் வெர்னியர எடுத்துட்டு வா."

"எதுக்குக்கா?"

"எடுத்துட்டு வாடான்னா."

எடுத்து வந்தேன். இரண்டு கைகளையும் நீட்டினாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே புடைத்திருக்கும் சதை வலது கையில் வற்றிப் பள்ளமாகியிருந்தது. எப்படி நான் இதைப் பார்க்காமல் இருந்தேன்?

"அள. ரெண்டையும்."

இடது கை 15.2 மில்லிமீட்டர். வலது 9.4. மறுபடி எடுத்தேன். 9.4. வெர்னியரை மூடி, பூஜ்யம் சரியாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு மூன்றாவது முறை எடுத்தேன். வாழ்நாளில் ஒரே ஒரு முறை என் அளவு தப்பாக இருந்தால் போதும் என்று அப்போது நினைத்தேன். 9.4.

"எழுதிக்கோ," என்றாள். எனக்கு எழுத வரவில்லை. அவளே பேனாவை எடுத்தாள். இடது கையால், ஒன்றாம் வகுப்புக் குழந்தை மாதிரி, தீப்பெட்டி அட்டையின் பின்னால் இரண்டு எண்களையும் எழுதினாள்.

"எப்பலேர்ந்துக்கா?"

"ஜூன்ல சாவி திருப்ப வரல. பூட்டுதான் துருன்னு நினைச்சு மாத்தினேன், ஞாபகம் இருக்கா? அப்புறம் பேனா. அப்புறம் பேரல்." அட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். "ஒவ்வொண்ணா மாத்திக்கிட்டே வந்தேன்டா."

நாளை வேலை: ஆஸ்பத்திரி. ஓ.பி. சீட்டு காலை ஏழு மணிக்கு.

23 டிசம்பர், திங்கள்

இன்றைய தவறு: டாக்டரிடம் கேட்கக் கூடாததை அக்கா முன்னாலேயே கேட்டுவிட்டேன்.

ஒரு வாரமாகச் சோதனைகள். கையில் ஊசி குத்தி நரம்புச் சோதனையும் எடுத்தார்கள். டாக்டர் இன்று ஒரு நோயின் பெயரைச் சொன்னார். உறுதி செய்ய மெயின்லேண்ட் போக வேண்டும் என்று சென்னைக்குக் கடிதம் கொடுத்தார். குணமாகுமா என்று நான் கேட்டது அப்போதுதான். அவர் கடிதத்தை மடித்துக்கொண்டே இருந்தார். வலது கையோடு நிற்காது என்பதை மட்டும் சொன்னார்.

அடுத்த கேள்வியையும் கேட்டேன். நவம்பர் பத்தாம் தேதியே தெரிந்திருந்தால்? ஐந்து வாரத்தில் ஒன்றும் மாறியிருக்காது என்றார். அதை எதை வைத்துச் சரிபார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவுக்கு நின்றபோது அக்கா என் முதுகில் இடது கையால் ஒன்று வைத்தாள்.

"கழுதை. அஞ்சு வாரம் எனக்கு லீவு குடுத்திருக்கடா நீ. எழுபத்தாறு வாங்கினேனே, அன்னிக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா?"

"தப்பா கட்டின சீட்டுக்கா அது."

"இருக்கட்டும். எழுபத்தாறு நான் சுட்டதுதானே?"

ஆட்டோவில் ஏறும்போது நான் கை கொடுத்தேன். வேண்டாம் என்று தட்டிவிட்டாள். பிறகு ஏற முடியாமல் அவளே பிடித்துக்கொண்டாள்.

மெயின்லேண்டுக்குத் தேர்வாகிப் போவதற்கென்று அவள் செப்டம்பரிலேயே வாங்கி வைத்த பெட்டியில் இன்று மாலை துணிகளை அடுக்கினேன். அதன் விலைச்சீட்டு இன்னும் கைப்பிடியில் தொங்குகிறது. அக்கா கட்டிலில் உட்கார்ந்து, எது எது வேண்டும் என்று சொன்னாள். கிளப் பனியனை எடுத்துக் காட்டினேன். அடியில் வை என்றாள்.

கப்பல் இருபத்தேழாம் தேதி. படுக்க இரண்டு பங்க் கிடைத்திருக்கிறது. கீழ்ப் பங்க் அக்காவுக்கு.

தேர்வுப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடும்படி நந்தகுமார் சாருக்கு அவளே வாய்ஸ் அனுப்பினாள். இரண்டு வரிதான். ஆனால் நான்கு முறை அழித்து மறுபடி பேசினாள். அவரும் பதிலுக்கு வாய்ஸ்தான் அனுப்பியிருந்தார். அதை நாங்கள் இன்னும் கேட்கவில்லை.

ஊரில் இல்லாதபோது துப்பாக்கியைப் பாய் கடையில் பாதுகாப்பில் விட வேண்டும்.

நாளை வேலை: குழலை வெந்நீரில் கழுவ வேண்டும். உள்ளே ஈரம் இல்லாமல் துடைத்து எண்ணெய் தடவ வேண்டும். 209 என்று சீட்டு எழுதிக் கட்ட வேண்டும். பத்து மணிக்குப் பாய் கடையில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும்.